அட்டிகை

புதிய ரூபாய் நோட்டுக்கு விடுதலைப் போராளி வேலம்மையின் முகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். தூக்கில் போட்டவர்கள் சாட்சிக்காக எடுத்தது. அதைப் பார்த்து வரைந்த ஓவியர் தில்லைநாயகிக்கு, மூடிக்கிடந்த கண்களைத் திறக்கவே ஒரு மாதம் பிடித்தது.

"கண்ணு அருமையா வந்திருக்கும்மா," என்றார் நோட்டு வடிவமைப்புக் குழுவின் தலைவர். "கழுத்துலதான் அந்தக் கயித்துத் தடம். நாலு பேர் கையில புழங்குற நோட்டு. ஏதாவது நகையப் போட்டு மறைச்சிடுங்க."

"இருந்த நகையெல்லாம் போராட்டத்துக்குக் கழட்டிக் குடுத்தவங்க சார்."

"அதுக்கென்ன, நாம ஒண்ணு போட்டுவிடுவோம். கழுத்த ஒட்டினாப்ல ஒரு அட்டிகை. லட்சணமா இருக்கும்."

தில்லைநாயகி பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். அட்டிகைக்கு அளவு பார்க்க வேண்டியிருக்கவில்லை. இந்தக் காதுக்கடியிலிருந்து அந்தக் காதுக்கடிவரை கயிறே கோடு போட்டு வைத்திருந்தது.