இடதுகைக்காரன் ஜெயிப்பான்

மோட்டார் மெக்கானிக் ஈஸ்வரபாண்டியைத் திராட்சைப் பந்தலின் கல்தூணில் கம்பியால் கட்டியிருந்தார்கள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் சட்டையை நனைத்தது.

"ஏலே, டென்னிஸ்ல எவன் ஜெயிப்பான்னு ஸ்டேட்டஸ் போடுறியாமே?" தோட்டத்து முதலாளி விஜய்ராஜ் மறுபடி அறைந்தார். ஒரு பல் தெறித்து விழுந்தது.

"சும்மா பொழுதுபோக்குக்குத்தான்ணே! வருசக்கணக்காப் போடுறேன்."

"நேத்து பைனலுக்கு என்னலே போட்ட?"

"இடதுகைக்காரன் ஜெயிப்பான்னு..."

"அதை நம்பித்தான் இந்தத் தோட்டத்தையே பந்தயம் கட்டுனேன். மொத்தமும் போச்சு!"

கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரி அவன் சுண்டுவிரலைக் கவ்வியது. ஈஸ்வரபாண்டி அலறினான். பாதி ஆட்டத்தில் கரண்ட் போய்த் தூங்கிவிட்டவனை விடிந்ததும் தூக்கி வந்திருந்தார்கள். ஆட்டத்தின் முடிவே அவனுக்குத் தெரியாது.

"தப்பாச் சொல்லிட்டேன்ணே, மன்னிச்சிருங்க!"

"தப்பாவா?" விஜய்ராஜ் அவன் தலைமயிரைப் பிடித்து உலுக்கினார். "இத்தன வருசத்துல ஒருதடவகூட ஒஞ்சொல்லு பலிச்சதில்ல. அதான் எப்பவும் ஒனக்கு எதுத்தாப்புலயே கட்டுவேன். நேத்து மட்டும் எதுக்குலே சரியாச் சொன்ன?"

கத்தரி இறுகியது. விரலிலிருந்து ரத்தம் கொப்பளித்தது.

பல் போன இடைவெளி தெரிய ஈஸ்வரபாண்டி சிரித்தான்.

"அப்ப... ஜெயிச்சுட்டானாண்ணே?"