அபூ ஃபவாஸுக்குக் குளிருது

"உங்கப்பா வீட்டு மண்ணெண்ணெயை ஒருத்தர் உக்காந்தே காலி பண்றார். தெரியுமா உனக்கு?"

மலை மேலே இருக்கும் கரக் நகரிலிருந்து அத்தை ஃபோனில் சொன்னபோது ருதைனா நம்பவில்லை.

"யாரு அத்தை?"

"பக்கத்து வீட்டு அபூ ஃபவாஸ்தான். சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வந்தார்னா, உங்கப்பா கொட்டாவி விடற வரைக்கும் நகர மாட்டார். ஹீட்டர்கிட்ட காலை நீட்டிக்கிட்டு, திரியை ஏத்து, திரியை ஏத்துன்னு அதிகாரம் வேற. சூப் வேணுமாம். குளிருதுங்கற மனுஷன் ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்றார். எங்கேயாவது உண்டா இந்தக் கூத்து?"

ருதைனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா போனபிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார். வயது எண்பது. என்னோடு அகபாவுக்கு வந்துடுங்கப்பா, அங்கே குளிரே கிடையாது என்று கூப்பிட்டால் வர மாட்டார். மலை மேலே கிழவர் விறைத்துப் போய்விடக் கூடாதே என்றுதான் குளிர் தொடங்கும் முன்பே பீப்பாய் நிறைய எண்ணெய் நிரப்பி வைத்துவிட்டு வந்திருந்தாள். அதில்தான் இந்த ஆள் சொகுசாகக் குளிர் காய்கிறார்.

மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

அத்தை சொன்னதில் பொய்யே இல்லை. கோட்டு, தலைத்துணி எல்லாம் சுற்றிக்கொண்டு, சொந்த வீடு மாதிரி மெத்தையில் சாய்ந்திருந்தார் அபூ ஃபவாஸ்.

"இன்னும் குளிருது அபூ மாஜித். இதுதான் உங்க வீட்டு உபசாரமா?" என்றார் அப்பாவிடம்.

அப்பா பதறி எழுந்து திரியை ஏற்றினார்.

"பசிக்குது. பருப்பு சூப் வெக்கலியா? ஊத்து. நீயும் ஊத்திக்க, தனியா குடிச்சா எனக்கு இறங்காது."

இப்படியும் ஒரு ஜென்மமா என்று ருதைனா திகைத்து நின்றாள். அவர் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்து, அவர் பின்னாலேயே வாசலுக்குப் போனாள்.

"மாமா, உங்க வீட்டுல ஹீட்டர் இல்லையா?"

"இருக்கும்மா."

"அப்ப அங்கேயே குளிர் காயுங்க. இது எங்கப்பா உடம்புக்காக நான் வாங்கி வெச்ச எண்ணெய். ஊரான் எண்ணெயில காய வெக்கமா இல்ல? இனிமே இங்க வராதீங்க."

அபூ ஃபவாஸ் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். உள்ளே அப்பா இருந்த பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"நாளைக்கு நீ கூட இருப்பியாம்மா?"

"இருப்பேன். எங்கப்பாவைப் பார்த்துக்க எனக்குத் தெரியும்."

"அப்ப சரி" என்று போய்விட்டார். கோபம்கூட இல்லை. தடித்த தோல் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். "நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டேன் அத்தை. ஆளு கப்சிப்" என்று பெருமை பேசினாள். அதற்குள் பனி கொட்ட ஆரம்பித்தது. மேட்டில் டாக்ஸி ஏறாது என்றார்கள். வீட்டில்தான் எண்ணெய் இருக்கிறதே என்ற தைரியத்தில், பனி விடும்வரை உட்கார்ந்திருந்தாள்.

நடந்தே வீடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே இருந்த குளிர் அப்படியே உள்ளேயும் இருந்தது. மூலையில் போர்வைகளுக்குள் அப்பா சுருண்டு கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தொட்டால் கை பிணம் மாதிரி சில்லிட்டது.

"அப்பா, என்னப்பா ஆச்சு?"

அவர் ஏதோ குழறினார். புரியவில்லை.

ஹீட்டரைப் பார்த்தாள். பற்றவைத்த அடையாளமே இல்லை. எண்ணெய் விளிம்பு வரை நிற்கிறது. தீப்பெட்டி பக்கத்திலேயே கிடக்கிறது. அவசரத்தில் கிழித்த குச்சிகள்தான் ஒடிந்தன. பயத்தில் எதுவும் தோன்றாமல் அடுத்த வீட்டுக்கு ஓடினாள். நேற்று பேசிய பேச்சுக்கு எந்த முகத்தோடு போவது என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

கதவைத் திறந்தவர் அபூ ஃபவாஸ். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. சூடு பரப்பும் வெந்நீர்க் குழாய் சுவரோரமெல்லாம் ஓடும் வீடு. மனிதர் வெறும் பனியனோடு நின்றார். கழுத்தில் வியர்வை.

ருதைனா பனியனையும் வியர்வையையும் மாறி மாறிப் பார்த்தாள். இவருக்கா குளிருது?

"என்னம்மா?"

"அப்பா ஹீட்டரே போடல மாமா. விறைச்சுக் கிடக்கறார்."

"கூட இருப்பேன்னு சொன்னியேம்மா."

அவ்வளவுதான் கேட்டார். டாக்டருக்கு ஃபோன் போடச் சொல்லி மனைவிக்குக் குரல் கொடுத்துக்கொண்டே, கோட்டை மாட்டியபடி ஓடிவந்தார்.

அப்பா கிடந்த அறை வாசலில் மட்டும் ஒரு நிமிஷம் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அபூ மாஜித், வீட்டுக்கு ஆள் வந்திருக்கேன். என்னய்யா இப்படிக் குளிருது இங்க?"

அப்பாவின் கண்கள் திறந்தன. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மானம் போகிறதே என்ற தவிப்போடு மகளைப் பார்த்தார்.

"என்ன வேடிக்கை பார்க்கற ருதைனா?" என்றார் குழறலாக. "எனக்கு ஒருத்தனுக்குன்னா போர்வை போதும், எதுக்கு எரிக்கணும்? இப்ப விருந்தாளி வந்திருக்கார். ஹீட்டரைப் பத்த வை."