தொப்பியில் ஓர் இறகு

"புனித அன்னம்மாள் மேல சத்தியமா இதுல ஒரு சொல்லுகூடப் பொய்யில்ல, மதலேன்" என்றார் ஒனெசிம். "அந்த ஏரிக்கரைக் குளிர்ல என் நிழல் பனியில ஒட்டிக்கிச்சு. வசந்தம் வர்ற வரைக்கும் நிழலில்லாமத்தான் தோல் வியாபாரம் பண்ணேன். ஏரியைக் கண்டுபிடிச்சதே நான்தான். பேர் வைக்கத்தான் மறந்துட்டேன்."

மதலேன் பட்டாணி சூப்பை அவர் முன் வைத்தாள். கனடாவின் லஷீன் படகுத்துறையில் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். அவள் கணவன் பாஸ்காலும் ஒனெசிமும் முப்பது வருடம் முன்பு தோல் வியாபாரத்துக்கு ஒரே தோணியில் மேற்கே கிளம்பியவர்கள். பாஸ்கால் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

"நாளைக்குக் காலையில என் மகனோட வண்டி வந்துரும். கெபெக்குக்குப் போனா அங்கேயே இருந்துருவேன். ஆறு வருஷமா ஏதோ சொல்ல வர்றீங்க. இன்னிக்காவது சொல்லுங்க."

ஒனெசிம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சொல்லலாம். ஒரு சத்தியம் தடுக்குது."

"என்ன சத்தியம்?"

"ஆறெல்லாம் மேற்கே திரும்புற மேடு ஒண்ணு இருக்கு. முதல் தடவை தாண்டுறவனை மண்டிபோட வச்சு, தேவதாருக் கிளையால தண்ணி தெளிப்பாங்க. இன்னொரு தோணிக்காரன் பெண்டாட்டியை அவ சம்மதமில்லாம முத்தமிட மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் தொப்பியில இறகு செருகுவாங்க. பாஸ்கால் என் பக்கத்துலதான் மண்டிபோட்டிருந்தான். அந்தத் தேவதாரு வாசனை இன்னும் மூக்குல நிக்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பியிலிருந்த சிவப்பு இறகைத் தடவினார்.

"சரி, சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீ இல்லேன்னு சொல்லிட்டா? அப்புறம் ஞாயித்துக்கிழமை சூப்புக்கு எங்க போவேன்?"

மதலேன் சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது."

"எப்படிக் கட்டாது? மேட்டைத் தாண்டினவங்க எல்லாரையும் கட்டும்."

"அதைத்தான் சொல்றேன். முதல் அருவியிலேயே காய்ச்சல் கண்டு நீங்க திரும்பி நடந்து வந்துட்டீங்களாமே. பாஸ்கால் என்கிட்ட எப்பவோ சொல்லிட்டார். ஏரி, நிழல், தேவதாரு எல்லாம் அவர் இதே மேசையில உங்களுக்குச் சொன்ன கதைதானே?"

ஒனெசிம் சூப்பைத் தள்ளி வைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்போ இந்த இறகு?"

"என் சேவலோடது" என்று சொல்லி, மதலேன் கன்னத்தைக் காட்டினாள்.