எதிர் வாசலில் தவமணியின் குரல்

“இன்னும் ஓடுதா அது?” என்று கோதண்டம் கேட்டார்.

“ஓடுது. காதுல பஞ்சை வெச்சுக்கோங்க” என்றாள் மனைவி தவமணி.

எதிர் வீட்டு வாசலில் போலீஸ் மாட்டியிருந்த ஒலிபெருக்கி தவமணியின் குரலிலேயே பேசியது: “எனக்கு முன்னாடியே தெரியும். அந்த மூஞ்சியைப் பார்த்தாலே தெரியாதா?”

போதைப்பொருள் சோதனை நடக்கும்போதே யாரும் போனில் கருத்துச் சொல்லலாம். அதிக லைக் வாங்கியது, சொன்னவர் குரலிலேயே, சோதனை நடந்த வீட்டு வாசலில் ஒலிக்கும். எதிர் வீட்டில் கோலமாவு விற்கும் கலைவாணி வீட்டுச் சோதனையில் முதலிடம் தவமணிக்கு. குடியிருப்பே அவளைப் பாராட்டியது.

பிடிபட்ட வெள்ளைப் பொடி கோலமாவு என்று பிறகு தெரிந்தது. சோதனை நடந்த அன்று காலை தவமணி வாசலில் போட்ட கோலமும் கலைவாணி விற்ற அதே மாவில்தான்.

“கழட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

“அதுக்கும் லைக் போட்ட அத்தனை பேரும் ஓட்டுப் போடணுமாம். நம்ம ரெண்டு போன்லேர்ந்தும் நான் போட்டதோட சரி. மத்தவங்களைக் கேட்டா, அது முடிஞ்ச கதைங்கறாங்க.”

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் கலைவாணி, கையில் கோலமாவுப் பொட்டலத்தோடு.

“நாளைக்கு வெள்ளிக்கிழமைக்கா. நீங்க வாங்க வரலையேன்னு நானே எடுத்தாந்தேன்.”

தவமணி வாயைத் திறந்தாள். அதற்குள் எதிர் வாசலில் அவள் குரல் மறுபடி தொடங்கிவிட்டது.

“அது முடிக்கட்டும்க்கா” என்றாள் கலைவாணி. “அப்புறம் நீங்க பேசுங்க.”