தொடைக்கடியில் ஒரு கை

பயிற்சிக்கூடத்தின் டியூப்லைட் நொய்யென்று இரைந்துகொண்டே இருக்கிறது. ஆலை மூடும்வரை இருபத்திரண்டு வருடம் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவர், கணினியின் முன் முதுகு விறைக்க உட்கார்ந்திருக்கிறார். இன்றைய தேர்வில் தேறினால்தான் மறுபயிற்சிக்கு அரசாங்க உதவி. தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். எப்படியோ கடைசிக் கேள்விவரை வந்துவிட்டார். "அவ்வளவுதாண்ணே, எண்டரை மட்டும் தட்டுங்க," என்கிறாள் பயிற்சி கொடுக்கும் பெண். வலது கை எழும்போதே இடது கையும் கூடவே எழுகிறது. பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தகட்டை வெட்டும் அச்சு மேலிருந்து இறங்கும். ஒரு கை சும்மா இருக்கிறதென்றால் அது அச்சுக்கடியில் இருக்கிறது என்று அர்த்தம். காலையிலிருந்து இரண்டு தடவை இந்த இடது கை எதையோ தட்டி, எழுதியதெல்லாம் அழிந்துபோயிற்று. "சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதும்மா," என்கிறார், யாரோ அடங்காத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை அழிஞ்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே." இடது கையைத் தொடைக்கடியில் செருகி, அதன்மேலேயே அழுந்த உட்கார்ந்துகொள்கிறார். வலது விரலை எண்டருக்கு மேலே கொண்டுபோகிறார். கண்ணை இறுக மூடி, தொடைக்கடியில் ஐந்து விரலும் பத்திரமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, அழுத்துகிறார்.