முப்பத்தாறாவது படம்

தில்லி பாலம் விமான நிலையத்தின் சோதனை மேஜைமேல் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஃபிலிம் கெட்டுவிடும் என்று எக்ஸ்ரே பெட்டிக்குள் விடாமல், இருதயசாமி கேமராவைக் கையில்தான் கொடுத்திருக்கிறார். மீசைக்காரக் காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "சலாகே திகாவோ." உண்மையான கேமராதானா என்று தெரிய, ஒருமுறை அமுக்கிக் காட்ட வேண்டுமாம். இருதயசாமி கையை நீட்டித் தடுக்கிறார். "லாஸ்ட் ஃபோட்டோ ஹை, பாய் சாப்." ரோலில் முப்பத்தைந்து படம் முடிந்துவிட்டது, எல்லாம் மகள்தான். குளிக்கிற அமலி, தவழ்கிற அமலி, லோதி ரோடு குளிரில் ஸ்வெட்டருக்குள் மூக்கு மட்டும் தெரிகிற அமலி. மிச்சமுள்ள ஒன்று, மீனம்பாக்கத்தில் அப்பா பேத்தியை முதன்முதலாகக் கையில் வாங்கும் நேரத்துக்கு. "ஜல்தி, ஜல்தி," என்கிறது பின்னால் வரிசை. பெண்களைச் சோதிக்கும் திரைக்குள்ளிருந்து வந்த பிலோமி, குழந்தையைக் கணவர் கையில் திணித்துவிட்டுக் கேமராவை வாங்குகிறாள். "வேண்டாம் பிலோமி, அப்பாவுக்குன்னு வச்சது." "மாமாவுக்கு அங்க போய் வேற ரோல் வாங்கிக்கலாம். இத்தனை படத்துல ஒண்ணுலயாவது நீங்க இருக்கீங்களா? இங்க பாருங்க." ஊரையெல்லாம் சிரிக்கச் சொல்லிப் பழகியவருக்குத் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவிழ்த்த பெல்ட் தோளில் தொங்குகிறது. அமலி அவர் சட்டைப் பையிலிருந்து போர்டிங் கார்டை உருவுகிறாள். பிலோமி ஒற்றைக் கண்ணை மூடுகிறாள். காவலர் தொப்பியைச் சரிசெய்கிறார். பிறகு ஏதோ தோன்றியவராய், படத்துக்குள் வராமல் ஓரடி தள்ளி நிற்கிறார்.