திரும்பாத பிள்ளை

பிள்ளைக்குப் பின்னால் நின்று டாக்டர் கற்பகம் மணியை ஆட்டினார். பிள்ளை திரும்பவில்லை.

மாரித்தாய்க்குப் போன மூச்சு வந்தது.

ஐந்து வயது புகழேந்தி தரையில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் கையைத் தட்டினார். அப்புறம் மேசையில் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்துக் கீழே போட்டார். கதவோரம் நின்ற நர்ஸ் துள்ளிவிட்டாள். பிள்ளை அசையவில்லை.

திரும்பிராத சாமி, திரும்பிராத என்று மாரித்தாய் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பெற்ற பிள்ளைக்குக் காது கேட்கக் கூடாது என்று எந்தத் தாயாவது வேண்டுவாளா? அவள் வேண்டினாள். கூசாமல் வேண்டினாள்.

அவனைச் செவிடு என்று முதலில் முடிவு கட்டியது தெருதான். பங்குனிப் பொங்கலன்று அவன் முதுகுக்குப் பின்னால் ஆயிரம் வாலா சரம் முழுதாக வெடித்து ஓய்ந்தது. அவன் பாட்டுக்குச் சோடா மூடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். சிவகாசியில் காதைச் சோதிக்க அதைவிடப் பெரிய மிஷின் எது இருக்கிறது? தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அவனுக்குக் காது கேட்கும் என்பது மாரித்தாய்க்கு மட்டும்தான் தெரியும். நல்ல தண்ணீர் வருவதற்கு முன்னால் தெருக்குழாய் உஸ்ஸென்று காற்றை விடுமே, அதை வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டுவிட்டு எல்லாருக்கும் முந்தி ஓடுவான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்ப மாட்டான். பேச மாட்டான். முகம் பார்க்க மாட்டான்.

போன வருஷம் வேறொரு டாக்டர், பேசுவான், பொறுங்கள் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். பால்வாடியில் விட்ட வேகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புருசன் முனியராஜ் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. அவள் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும்போது, பழைய சேலையால் பிள்ளையைச் சன்னல் கம்பியில் கட்டிப் போட்டுவிட்டுத்தான் போகிறாள். வேலைக்குப் போகாமல் இருக்க வழியில்லை.

போன மாதம் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, வெடி காயவைத்திருந்த களத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். யாரோ பார்த்ததால் பிழைத்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அய்யம்மாள் சொன்னாள்:

"காது கேக்கலைன்னா மதுரையில ஆஸ்டல் இருக்கு தாயி, சோறு போட்டுப் பாத்துக்கிடுவாக. புத்தி சரியில்லைன்னு சொன்னா எங்கனயும் இடம் கிடையாது."

அந்த ஆஸ்டலில் சேர்க்கக் குழந்தை டாக்டரின் கடிதம் வேண்டும். அதற்காகத்தான் இன்று இங்கே வந்திருக்கிறாள். அங்கே கேட்டைப் பூட்டி வைப்பார்களாம். வெடி காயும் களம் எதுவும் பக்கத்தில் இருக்காது. அவளுக்கு அது போதும்.

டாக்டர் நாற்காலிக்குத் திரும்பினார். தாளை இழுத்து வைத்து எழுதத் தொடங்கினார். இன்னும் நாலு வரி, அப்புறம் ஒரு கையெழுத்து.

அப்போது புகழேந்தி, தலையைத் திருப்பாமலே, அம்மா பக்கமாகக் கையை நீட்டினான்.

மாரித்தாய் கையை இறுக மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டாலும் திரும்பாமல் இருக்க வீட்டில் அவனைப் பழக்கியிருந்தாள். பின்னால் நின்று தட்டைத் தட்டுவாள், பாத்திரத்தைப் போடுவாள். திரும்பினால் ஒன்றும் கிடையாது. திரும்பாமல் இருந்தால் வாயில் ஒரு பிஸ்கட். எதைச் சொல்லிக் கொடுத்தாலும் ஏறாது என்று எல்லாரும் கைவிட்ட பிள்ளை, அதை மட்டும் படித்துவிட்டான்.

ஆனால் கையை நீட்டச் சொல்லி அவள் பழக்கவில்லை. பசித்தால் அழுவானே தவிர, இந்த நிமிஷம் வரைக்கும் அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பெற்றவளிடம்கூடக் கேட்டதில்லை.

கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மாரித்தாய் பார்க்காதவள் போல மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள். பேனா ஓடும் சத்தம் கேட்டது.

அவன் விடவில்லை. நகர்ந்து வந்து, மூடியிருந்த அவள் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. மறுபடியும் கையை நீட்டினான்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பிஸ்கட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

பேனாச் சத்தம் நின்றது.

டாக்டர் திட்டுவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் எழுந்து வந்து, பிள்ளைக்குக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். அவன் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஆட்டிசம்னு பேரும்மா. சொல்லிக் குடுத்தா இவனுக்கு வரும், திரும்பாம இருக்கப் பழக்கி அத நீங்களே காட்டிட்டீங்க. வாரம் ஒருநாள் கூட்டிட்டு வாங்க, என்னென்ன செய்யணும்னு நான் சொல்லித் தர்றேன். ஆனா காது கேக்காதுன்னு என்னால எழுத முடியாது."

"மிச்ச நாளு இவன எங்கன கட்டிப் போட டாக்டரம்மா?"

அடுத்த டோக்கனைக் கூப்பிட நர்ஸ் கதவைத் திறந்தாள். வெளியே காய்ச்சல் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. இப்போது வேண்டாம் என்று டாக்டர் கை காட்டினார்.

புகழேந்தி இன்னொரு முறை கையை நீட்டினான். இந்தத் தடவை யாரும் எந்தச் சத்தமும் போட்டிருக்கவில்லை. அவனாகத்தான் கேட்டான்.

அவள் கொண்டுவந்திருந்தது அந்த ஒரு பிஸ்கட்தான்.